நீல நிறம் தாமதமாக வந்தது ஏன்? – டாக்டர் சுப்பாராவின் கதை

பினாங்கு ஜோர்ஜ்டவுனில் மருந்தாளுநராக வேலை செய்கிறேன். பயிற்சிக்காக எங்களிடம் வரும் மருந்தியல் மாணவர்களிடம் முதல் வாரத்திலேயே நான்கு மருந்துகளின் பெயர்களைச் சொல்வேன். கர்ப்பிணிகளுக்குத் தரும் ஃபோலிக் அமிலம், புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்துக்கும் தரும் மெத்தோட்ரெக்சேட், எலிச்சிறுநீரால் பரவும் காய்ச்சலுக்குத் தரும் டாக்சிசைக்கிளின், யானைக்கால் நோய்க்கான டையெத்தில்கார்பமசின். ஒவ்வொன்றும் எதற்கு, எந்த அளவில் கொடுக்க வேண்டும் என்று மாணவர்கள் சரியாகவே சொல்லிவிடுவார்கள். நான்குக்கும் பொதுவானது என்ன என்று கேட்டால்தான் அமைதியாகிவிடுவார்கள்.

நான்கின் பின்னாலும் ஒரே மனிதர் இருக்கிறார். அது மட்டுமல்ல. நான்காம் படிவ உயிரியல் பாடத்தில் உயிரணு சுவாசம் படிக்கும்போது ஏடிபி என்ற மூன்றெழுத்தை மனப்பாடம் செய்கிறோமே, அதன் பின்னாலும் அவர் இருக்கிறார். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அவரைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை நானும் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் அவர் ஒருவரே கண்டுபிடித்தார், வெள்ளைக்காரர்கள் திருடிக்கொண்டார்கள் என்ற தோரணையில் அவை எழுதப்பட்டிருக்கும். அது அவருக்கு நாம் செய்யும் மரியாதை அல்ல. அவர் உண்மையில் செய்ததே போதுமான அளவுக்குப் பெரியது. அதை உள்ளபடி சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சுப்பாராவ் 1895 ஜனவரி 12ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திராவில் இருக்கும் அந்த ஊர் அப்போது மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்தது. தாய்மொழி தெலுங்கு. அப்பா வருவாய்த் துறையில் சிறு அதிகாரி. உடல்நலம் கெட்டு வேலையை விட்டவர். வீட்டில் ஏழு பிள்ளைகள். வருமானம் போதவில்லை.

படிப்பிலும் அவர் கெட்டிக்காரராகத் தொடங்கவில்லை. பதின்மூன்று வயதில் காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். அம்மா வெங்கம்மா விடவில்லை. பிடித்து வந்து மறுபடியும் பள்ளிக்கு அனுப்பினார். பிள்ளையைப் படிக்க வைக்கத் தன் நகையை விற்றார். அப்படியிருந்தும் அன்றைய மெட்ரிகுலேஷன் தேர்வில் சுப்பாராவ் இரண்டு முறை தோற்றார். நமக்கு எஸ்.பி.எம். மாதிரி அவர்களுக்கு அந்தத் தேர்வு. மூன்றாவது முறை, சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள இந்து உயர்நிலைப்பள்ளியிலிருந்து எழுதித்தான் தேறினார்.

பிறகு மாநிலக் கல்லூரி. அங்கே கணக்கில் ஆர்வம் காட்டினார். ஆனால் மனம் துறவின் பக்கம் போயிற்று. இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சந்நியாசியாக விரும்பினார். அதற்கும் அம்மாவின் சம்மதம் வேண்டியிருந்தது, அம்மா தரவில்லை. துறவியாகாவிட்டாலும் மருத்துவராகி மக்களுக்குச் சேவை செய்யலாமே என்ற எண்ணத்தில்தான் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நம் முன்னோர் பலர் பினாங்குத் துறைமுகத்தை நோக்கிக் கப்பலேறிய அதே மதராஸ். ஏறத்தாழ அதே காலம். 1919இல் அவருக்கும் சேஷகிரி என்ற பெண்ணுக்கும் திருமணம் நடந்தது. படிப்புச் செலவில் மாமனார் கை கொடுத்தார்.

அது காந்தி அந்நியத் துணியை விலக்கச் சொன்ன நேரம். சுப்பாராவ் அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்து போனார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. மற்ற பாடங்களில் நன்றாகச் செய்திருந்தும், படிப்பு முடிந்தபோது சுப்பாராவின் கைக்கு வந்தது முழு எம்.பி.பி.எஸ். பட்டம் அல்ல, அதைவிடத் தாழ்வாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழ். அரசு மருத்துவப் பணியில் சேரும் வழி அடைபட்டது. சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் வேலைதான் கிடைத்தது.

ஆனால் அவர் வாழ்க்கையின் திசையைத் தீர்மானித்தது அந்தச் சான்றிதழ் அல்ல என்று நான் நினைக்கிறேன். ஒரு நோய்தான். அதன் பெயர் ஸ்ப்ரூ. வெப்பமண்டல நாடுகளில் வரும் குடல் நோய் அது. குடலின் உட்சுவர் பழுதடையும். சாப்பிடும் உணவில் உள்ள சத்தை உடல் உறிஞ்சிக்கொள்ள முடியாது. ஓயாத வயிற்றுப்போக்கு, நாக்கில் புண், உடல் மெலிவு, பிறகு கடுமையான இரத்தச்சோகை. தட்டில் சோறு இருந்தும் உடல் பட்டினி கிடக்கும் நிலை. சுப்பாராவின் உடன்பிறந்தவர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இந்த நோய்க்குப் பலியானார்கள். பின்னர் அவருக்கும் அது வந்தது. லட்சுமிபதியின் ஆயுர்வேத மருந்தால் தேறினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

வைத்தியம் பார்க்கக் கற்றவர், தன் வீட்டிலேயே இரண்டு சாவுகளைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. அந்த நோய்க்குக் காரணம் என்ன என்று அன்று எந்தப் பாடநூலிலும் விடை இல்லை.

1920களின் தொடக்கத்தில், அறக்கட்டளை ஒன்றின் உதவி உறுதியையும் மாமனார் திரட்டிய பணத்தையும் நம்பி, சுப்பாராவ் அமெரிக்காவின் போஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் படிப்பதே நோக்கம். மனைவியை ஊரில் விட்டுச் சென்றார். சில ஆண்டுகளில் திரும்புவதாகத்தான் எண்ணம். அவர் திரும்பவே இல்லை. சேஷகிரி அம்மாளின் பக்கத்திலிருந்து யாராவது இந்தக் கதையை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அறிவியல் சாதனைக்கு யாரோ ஒருவர் வீட்டில் இருந்து கொடுத்த விலை, நாம் கொண்டாடும் பட்டியல்களில் வருவதில்லை.

போஸ்டனில் அவருடைய இந்தியச் சான்றிதழுக்கு மதிப்பில்லை. பகலில் படிப்பு, இரவில் மருத்துவமனை ஒன்றில் எடுபிடி வேலை. நோயாளிகளின் மலச்சட்டி, சிறுநீர்ச்சட்டி கழுவும் வேலையும் அதில் அடக்கம். வெப்பமண்டல மருத்துவத்தில் பட்டயம் பெற்றபின், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் கூடத்தில் சேர்ந்தார்.

இனிமேல்தான் வேதியியல் வருகிறது. மாணவர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஃபிஸ்க் அவருக்குக் கொடுத்த வேலை கேட்பதற்குச் சாதாரணமானது. இரத்தத்திலும் சிறுநீரிலும் தசையிலும் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று துல்லியமாக அளக்க ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும். அப்போதிருந்த முறைகள் மெதுவானவை, பிழை மலிந்தவை. இருவரும் சேர்ந்து ஒரு புதிய முறையை உருவாக்கி 1925இல் வெளியிட்டார்கள். சோதிக்க வேண்டிய கரைசலில் அமிலம் கலந்த மாலிப்டேட் உப்பைச் சேர்க்க வேண்டும். பாஸ்பேட் அதனுடன் இணையும். பிறகு ஒடுக்கும் வேதிப்பொருள் ஒன்றைச் சேர்த்தால் கரைசல் நீலமாகும். பாஸ்பேட் அதிகமானால் நீலம் அடர்த்தியாகும். நிறத்தின் அடர்த்தியை அளந்தால் பாஸ்பேட்டின் அளவு தெரிந்துவிடும். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்ற பெயரில் உலகமெங்கும் உயிர்வேதியியல் மாணவர்கள் இதைக் கற்றார்கள், இன்றும் கற்கிறார்கள்.

முறை தயாரானதும் தசையைச் சோதித்தார்கள். அங்கே ஒரு சிக்கல். சில நிமிடங்களில் முழுதாக வந்துவிட வேண்டிய நீல நிறம், தசைச்சாற்றில் மட்டும் தாமதமாக வந்தது. நேரம் ஆக ஆக அடர்ந்துகொண்டே போனது. எப்போது அளப்பது?

பள்ளி ஆய்வுக்கூடத்தில் நமக்கு இப்படி நேர்ந்தால் என்ன செய்வோம்? கரைசல் சரியில்லை, குழாய் அழுக்கு என்று சொல்லிவிட்டுப் பக்கத்து மேசைக்காரரின் எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்வோம். அவர்கள் இருவரும் தாமதத்தையே கேள்வியாக்கினார்கள். பாஸ்பேட் தனியாக இருந்தால் உடனே நீலம் தரும். தாமதம் ஆகிறது என்றால் தசைக்குள் பாஸ்பேட் வேறெதனுடனோ கட்டுண்டு இருக்கிறது. அமிலத்தில் அந்தக் கட்டு மெல்ல அவிழ்கிறது. கட்டிப்போட்டிருந்த பொருள் கிரியேட்டின் என்று கண்டார்கள். 1927இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்புதான் பாஸ்போகிரியேட்டின். அதே ஆண்டு இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியரும் தசையில் எளிதில் சிதையும் இந்தப் பாஸ்பரஸ் பொருளைத் தனியாகக் கவனித்திருந்தார்கள்.

இரண்டு ஆண்டுகளில், 1929இல், தசையிலிருந்து இன்னொரு பாஸ்பரஸ் பொருளை ஃபிஸ்க்கும் சுப்பாராவும் பிரித்தெடுத்தார்கள். அது அடினோசின் டிரைபாஸ்பேட், அதாவது ஏடிபி. ஜெர்மனியில் கார்ல் லோமான் என்பவரும் அதே ஆண்டில் தனித்து அதைக் கண்டார். பாடநூல்களில் பெரும்பாலும் லோமான் பெயர் முதலில் இருக்கும். இருவருக்கும் உரிய பெருமை அது.

இந்த இரண்டும் ஏன் முக்கியம்? அதுவரை தசை எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்கு லாக்டிக் அமிலமே விடை என்று அறிஞர்கள் நம்பினார்கள். அந்தத் துறையில் ஆய்வு செய்த ஏ.வி. ஹில், ஓட்டோ மேயர்ஹோஃப் இருவருக்கும் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசே வழங்கப்பட்டிருந்தது. பாஸ்போகிரியேட்டினும் ஏடிபியும் வந்தபின் அந்தப் படம் கலைந்தது. 1930இல் டென்மார்க்கின் ஐனார் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலம் உருவாகாமலேயே தசை சுருங்க முடியும் என்று சோதித்துக் காட்டினார்.

நம் ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். பினாங்கில் பேருந்து ஏறி நூறு வெள்ளி நோட்டை நீட்டினால் ஓட்டுநர் முறைப்பார். சில்லறை வேண்டும். சாப்பாட்டில் வரும் குளுகோஸ், கொழுப்பு எல்லாம் நூறு வெள்ளி நோட்டுகள். உயிரணுவுக்குள் ஒரு சிறு வேலைக்குக்கூட அவற்றை நேரடியாகக் கொடுக்க முடியாது. மாற்றிச் சில்லறையாக்க வேண்டும். அந்தச் சில்லறைதான் ஏடிபி. ஒரு நேரத்தில் உடலில் இருக்கும் ஏடிபி மிகக் குறைவு. ஆனால் அது திரும்பத் திரும்பச் செலவாகி, திரும்பத் திரும்ப உருவாகிறது. ஒரு நாளில் இப்படிச் சுழலும் ஏடிபியின் மொத்த எடை ஏறக்குறைய நம் உடல் எடைக்குச் சமம். பாஸ்போகிரியேட்டின், சட்டைப் பையில் அவசரத்துக்கு வைத்திருக்கும் சில்லறை முடிச்சு. நூறு மீட்டர் ஓட்டத்தில் முதல் சில வினாடிகளுக்குத் தசைக்குக் கை கொடுப்பது அதுதான். உடற்பயிற்சிக் கூடத்தில் கிரியேட்டின் பொடி வாங்கிக் கலக்கிக் குடிக்கும் தம்பிமார், அந்த டப்பாவின் கதை ஒரு நீல நிறத்தில் தொடங்கியது என்று தெரிந்துகொள்ளட்டும்.

1930இல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். அதற்குப் பின் பத்தாண்டு ஹார்வர்டிலேயே உழைத்தார். நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. காரணம் என்ன என்பதில் பல கருத்துகள் உண்டு. ஃபிஸ்க்கின் கூடத்தில் அவருடன் இருந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், பின்னாளில் 1988ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்களை ஃபிஸ்க் பொறாமையால் வெளிவர விடவில்லை என்றும், பல ஆண்டுகள் கழித்து வேறு ஆய்வாளர்கள் அவற்றை மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்றும் ஹிட்சிங்ஸ் கூறியிருக்கிறார். அன்றைய அமெரிக்காவில் இந்தியர் குடியுரிமை பெறவே சட்டம் இடம் தரவில்லை. 1946இல்தான் அது மாறியது. இவற்றோடு சுப்பாராவின் குணமும் சேர்ந்துகொண்டது. தன் பங்கு இது என்று அவர் யாரிடமும் வாதாடவில்லை. பலர் இதை அடக்கம் என்று புகழ்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. செய்த வேலைக்குப் பெயர் போட்டுக்கொள்வது கர்வம் அல்ல. அடுத்து வருபவர் யாரைக் கேட்டுத் தெளிவு பெறுவது என்று அறிவதற்கான அடையாளம் அது.

1940இல் ஹார்வர்டை விட்டு நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். விரைவில் அதன் ஆய்வுப் பிரிவுக்கே தலைவரானார். தனியாகக் குழாய் பிடித்தவர் இப்போது வேதியியலாளர், நுண்ணுயிரியலாளர், மருத்துவர் என்று பெரிய படையை வழிநடத்தினார். மருந்தியல் என்றால் கடையில் மாத்திரை எண்ணிக் கொடுப்பது என்று நினைக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். இங்கே கெலுகோரில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1972 முதல் மருந்தியல் கற்பிக்கிறார்கள். அந்தப் படிப்பின் அகலம் என்ன என்று பார்க்க விரும்புபவர்கள், சுப்பாராவின் கடைசி எட்டு ஆண்டுகளைப் பார்த்தால் போதும்.

முதலில் அந்தப் பழைய கணக்கு. ஸ்ப்ரூ.

இதற்கு நாம் பம்பாய்க்குப் போய்வர வேண்டும். லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1928இல் அங்கு சென்று, துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வந்த கடும் இரத்தச்சோகையை ஆராய்ந்தார். இரும்புச் சத்துக் குறைவால் வருவதல்ல அது. இரத்த அணுக்கள் அளவில் பெரிதாகி, முதிராமல் நின்றுவிடும். அதற்கு மருந்தாக அவர் கண்டது என்ன தெரியுமா? மார்மைட்! நம் வீட்டில் ரொட்டியில் தடவும், கஞ்சியில் கலக்கும் அதே கறுப்புப் பசை. ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் அந்தப் பொருளில் ஏதோ ஒரு சத்து அந்தப் பெண்களைக் காப்பாற்றியது. அது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. ஈரலிலும் அப்படி ஒன்று இருப்பதாகப் பலர் அறிந்திருந்தனர். 1941இல் டெக்சஸ் ஆய்வாளர்கள் நான்கு டன் பசலைக்கீரையைக் கசக்கிப் பிழிந்து அதில் சிறிதளவு பிரித்தெடுத்தார்கள். இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

நான்கு டன் கீரைக்குச் சிட்டிகை மருந்து என்றால் எந்த ஏழைக்கும் அது எட்டாது. ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்தாக வேண்டும். சுப்பாராவின் குழு அதன் மூலக்கூறு அமைப்பை அவிழ்த்து, 1945இல் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது. உடனே மருத்துவர் டாம் ஸ்பீஸ் போன்றோர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். வில்ஸ் கண்ட வகை இரத்தச்சோகைக்கு அது வேலை செய்தது. ஸ்ப்ரூ நோயாளிகளும் தேறினார்கள். வற்றிப்போன உடலில் சில நாள்களிலேயே புதிய இரத்த அணுக்கள் தோன்றின.

அவருடைய உடன்பிறந்தவர்கள் இறந்து அப்போது இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

இன்று நம் நாட்டு அரசு கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு இந்த மஞ்சள் நிற மாத்திரையைத் தருகிறோம். குழந்தையின் முதுகெலும்பு சரியாக மூடாமல் பிறக்கும் குறை, கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால் பெருமளவு குறையும் என்பது 1991இல் வெளியான பெரிய ஆய்வில் உறுதியானது. சுப்பாராவுக்குத் தெரியாத பயன் இது.

ஆனால் ஃபோலிக் அமிலத்தின் கதை இதோடு முடியவில்லை. போஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற நோயியல் மருத்துவர் இருந்தார். இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் அவர் கண் முன்னே சில வாரங்களிலும் மாதங்களிலும் இறந்துகொண்டிருந்தார்கள். அன்று அதற்கு எந்த மருந்தும் கிடையாது. லெடர்லியிலிருந்து ஃபோலிக் அமில வகைப் பொருள்களை வாங்கிப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் உள்ள குழந்தைகளிடம் நோய் வேகமெடுத்ததைக் கண்டார். உயிரணு பிரிய வேண்டுமானால் புதிய டிஎன்ஏ வேண்டும். டிஎன்ஏ செய்ய ஃபோலிக் அமிலம் வேண்டும். புற்றணுக்களுக்கும் அது தீனியாகிறது.

அப்படியானால் அதைத் தடுத்தால்? பூட்டுக்குள் நுழையும், ஆனால் திரும்பாத ஒரு கள்ளச் சாவி வேண்டும். சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளிக்கும் பொருள்களைச் செய்தது. மூலக்கூறில் ஓரிடத்தில் இருந்த ஹைட்ராக்சில் தொகுதியை எடுத்துவிட்டு அமினோ தொகுதியை வைத்தார்கள். அவ்வளவுதான் மாற்றம். அமினோப்டெரின் என்ற அந்தப் பொருள் 1947 இறுதியில் ஃபார்பரின் கைக்குச் சென்றது. 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் பத்துப் பேருக்கு நோய் தணிந்தது. 1948 ஜூன் மாதம் இந்த முடிவு வெளியானது. தணிவு நிலைக்கவில்லை, நோய் திரும்பியது. இருந்தாலும் இரத்தப் புற்றுநோயை ஒரு வேதிப்பொருளால் பின்வாங்க வைக்க முடியும் என்று மருத்துவ உலகம் முதன்முதலாகக் கண்டது. அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். இன்று வளர்ந்த நாடுகளில் குழந்தைகளுக்கு அதிகம் வரும் இரத்தப் புற்றுநோய் வகையில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அவர்களுக்குத் தரும் பல மருந்துகளில் மெத்தோட்ரெக்சேட்டும் ஒன்று.

மூட்டு வாதத்துக்கு இதே மருந்தை மிகக் குறைந்த அளவில் கொடுக்கிறோம். ஒரு பாட்டிக்கு மெத்தோட்ரெக்சேட் எடுத்துக் கொடுக்கும்போது அதே பையில் ஃபோலிக் அமிலமும் இருக்கும். வெவ்வேறு நாளில் சாப்பிட வேண்டும். ஒன்று தடுக்கும்; மற்றொன்று நல்ல அணுக்களைக் காப்பாற்றும். எதிரும் புதிருமான அந்த இரண்டும் ஒரே ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை. மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஒருமுறைதான் சாப்பிட வேண்டும். வழக்கமான மாத்திரை என்று நினைத்துத் தினமும் சாப்பிட்டு இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. அதனால் எந்தக் கிழமை என்று பையின் மேலேயே எழுதி, அதைப் பாட்டியின் வாயாலேயே திரும்பச் சொல்ல வைத்துவிட்டுத்தான் அனுப்புவேன். “திங்கக்கிழம மட்டும், தம்பி” என்று சொல்லிவிட்டு, தன்னைச் சின்னப் பிள்ளை மாதிரி நடத்துகிறேனே என்று சிரிப்பார்கள். வீட்டில் தாத்தா பாட்டிக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் மாணவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற இரண்டு மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுபது வயதைக் கடந்த தாவரவியல் அறிஞர் பெஞ்சமின் டக்கரை சுப்பாராவின் நிறுவனம் வேலைக்கு எடுத்தது. பல இடங்களிலிருந்து மண் வரவழைத்துச் சோதித்த டக்கர், மிசௌரி பல்கலைக்கழக வயல் ஒன்றின் மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் மருந்தைக் கண்டார். டெட்ராசைக்கிளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. டாக்சிசைக்கிளின் அதே குடும்பத்தில் பின்னால் வந்தது. நம் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியென் தே 1910–11இல் மஞ்சூரியாவில் பிளேக் நோயோடு போராடினாரே, அப்போது அவரிடம் முகக்கவசமும் தனிமைப்படுத்தலும்தான் இருந்தன. பிளேக்கைக் குணப்படுத்தும் மருந்துகளில் இன்று டாக்சிசைக்கிளினும் இருக்கிறது. டையெத்தில்கார்பமசின் 1947இல் வந்தது. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களில் ஒன்றுக்கு அறிவியல் பெயரே புரூகியா மலாயி. நம் மண்ணின் பெயர். மலேசியாவின் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்திலும் மக்களுக்கு அந்த மருந்தே கொடுக்கப்பட்டது.

அமினோப்டெரின் முடிவுகள் வெளியாகி இரண்டு மாதம்கூட முழுதாக ஆகியிருக்குமோ இல்லையோ. 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் தன் வீட்டில் இறந்து கிடந்தார். மாரடைப்பு. வயது 53. மெத்தோட்ரெக்சேட் ஒரு புற்றுநோயை முழுதாகக் குணப்படுத்தும் என்று 1950களில் தெரியவந்தபோது அவர் இல்லை. ஏடிபிதான் உயிரணுவின் பொதுச் சில்லறை என்று விளக்கிய ஃபிரிட்ஸ் லிப்மான் 1953ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றபோதும் அவர் இல்லை. இறந்தவர்களுக்கு அந்தப் பரிசு கிடையாது.

பெயர் வைக்கும் வழக்கம் மட்டும் அவரைச் சற்று நினைவு வைத்திருக்கிறது. லெடர்லியில் பணியாற்றிய பூஞ்சையியல் அறிஞர் ஹெசல்டைன், கழிவுநீர் வடிகட்டும் தொட்டியில் வளரும் ஒரு புதிய பூஞ்சை இனத்துக்கு 1953இல் சுப்பாரோமைசஸ் என்று பெயரிட்டார். நூற்றாண்டு விழாவையொட்டி 1995இல் இந்திய அஞ்சல் துறை அவர் படத்துடன் ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது. கூச்ச சுபாவமுள்ள மனிதர் போல அதில் தெரிவார்.